உச்சி வெயில் நேரத்து இன்சென்டிவ்

உணவு டெலிவரி செய்யும் தம்பிகளிடம் எந்த நேரத்தில் அதிகக் காசு பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் இரண்டு நேரம் சொல்வார்கள். மத்தியானம் 12 முதல் 3 வரை, ராத்திரி 7 முதல் 11 வரை. அந்த நேரத்தில் லாகினில் இருக்க வேண்டும், விழுகிற ஆர்டரைத் தட்டிக் கழிக்கக் கூடாது, இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல். இன்சென்டிவ் என்பது இதுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் கிடைக்கிற தொகை பெட்ரோலுக்கும் வண்டித் தவணைக்கும் போய்விடுகிறது. வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் இந்த இன்சென்டிவில் இருந்துதான். மார்கழி, தை மாதங்களில் இதில் ஒரு குறையும் தெரியாது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் 12 முதல் 3 என்பது வேறு சங்கதி.

வெயிலில் உழைக்கிறவர்கள் எப்போதும் அந்த மூன்று மணி நேரத்தைச் சுற்றித்தான் தங்கள் நாளை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டை மாடியில் கம்பி கட்டும் வேலையை முடித்துவிட்டு, உச்சி வேளையில் ஆட்களைக் கட்டடத்துக்குள் பூச்சு வேலைக்கு மாற்றுவது நல்ல மேஸ்திரியின் வழக்கம். மீன்காரம்மா பத்து மணிக்குள் கூடையைக் காலி செய்துவிடப் பார்ப்பார். வயலில் விடியலில் இறங்கினால் வெயில் சுடும்போது கரையேறிவிடுவார்கள். யாரும் சட்டம் போட்டு இதைச் சொல்லவில்லை. உடம்பு சொன்னது, கேட்டார்கள்.

செயலி வந்ததும் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. ஊர் முழுக்க நிழலில் ஒதுங்குகிற நேரத்தில்தான் ஆர்டர் குவிகிறது. வெளியே கால் வைக்க முடியாத வெயில் என்பதால்தான் நானும் நீங்களும் ஆர்டர் போடுகிறோம். வெயில் கூடக் கூடத் தேவை கூடுகிறது. தேவை கூடினால் இன்சென்டிவ் வருகிறது. இன்சென்டிவ் வந்தால், வீட்டில் படுத்திருந்தவனும் எழுந்து வண்டியை எடுக்கிறான். உழைக்கும் வயதில் இருக்கிற ஒரு தலைமுறையையே, ஒரு நாளின் மிக மோசமான நேரத்தில் சாலைக்கு இழுக்கிற ஏற்பாடு இது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதை உருவாக்கியதாக நான் நினைக்கவில்லை. ஆனால் வெயிலும் மழையும் வேலை நேரக் கணக்குக்குள்ளும் கூலிக் கணக்குக்குள்ளும் வந்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டார்க் ஸ்டோர் இருக்கிறது. மளிகையும் காய்கறியும் சில நிமிடங்களில் கிளம்புகிற இடம். வாசலில் நிற்க நிழல் கிடையாது. அங்கே வேலை செய்கிற பையன்கள் எதிரே எழும்பி நிற்கிற மெட்ரோ தூணின் நிழலில் வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "நிழல் நகர நகர நாங்களும் நகருவோம்ணா" என்றான் ஒரு தம்பி. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன். இன்னொருவன் பீகாரிலிருந்து வந்து, முதலில் சிறுசேரியில் சென்ட்ரிங் வேலை பார்த்து, அப்புறம் இதற்கு மாறியவன். ஆர்டரை வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒரு தடவ, ரெண்டு தடவ சொல்லலாம். அப்புறம் ஆர்டர் கம்மியா விழும்ணா. ஏன்னு கேக்கறதுக்கு ஆள் கிடையாது."

கேட்க ஆள் இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. மேஸ்திரி எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும், சித்தாள் கண் இருட்டி உட்கார்ந்தால் அவர் கண்ணில் படும். "போய் நெழல்ல குந்து, மோர் குடி" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். செயலிக்கு ஒருவன் சிக்னலில் மயங்கி நிற்பதும் தெருமுனையில் வெட்டியாக நிற்பதும் ஒன்றுதான். வரைபடத்தில் ஒரு புள்ளி நகரவில்லை, அவ்வளவே தெரியும்.

நான் மென்பொருள் துறையில், சோதனைப் பிரிவில் இருப்பவன். டெலிவரி நிறுவனம் எதிலும் வேலை பார்த்ததில்லை. ஆனால் இந்த வகை நேரக் கணிப்பு பொதுவாக எப்படி நடக்கிறது என்று தெரியும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதை, முன்பு அதே பாதையில் போனவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். தூரம், போக்குவரத்து, சமையல் முடியும் நேரம் எல்லாம் சேர்த்தி. இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல் ஓட்டிய ஒருவனின் நேரம், அடுத்து வருகிறவனுக்கு இயல்பான நேரமாகப் பதிவாகிவிடும். நடுவில் ஐந்து நிமிடம் நிழலில் நின்றவன் தாமதக்காரன் ஆகிவிடுவான். எல்லோரும் உடம்பை வருத்தி ஓடினால், அந்த வருத்தமே அளவுகோலாகிறது. வெயிலை ஒரு காரணியாகக் கணக்கில் சேர்த்தால் இது மாறும். தொழில்நுட்ப ரீதியாக அதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி தெரிகிறது. அந்த இடத்தின் வெப்பமும் ஈரப்பதமும் என்ன என்பதும் கிடைக்கிற தகவல்தான். மழை பெய்தால் வாடிக்கையாளரிடம் மழைக் கட்டணம் வாங்கத் தெரிகிற மென்பொருளுக்கு வெயில் தெரியாமல் போக நியாயமில்லை.

வெயில் என்றதும் நாம் டிகிரியைத்தான் பேசுகிறோம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி இன்றும் பேச்சில் வரும். ஆனால் வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில், காற்றோட்டமான ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள், முதுகில் பையோடு, கீழே தார்ச்சாலையும் கால்மாட்டில் என்ஜினும் கொதிக்க, சிக்னலில் நிற்கிறவனின் வெப்பம் அதில் வராது. அதோடு இது கடலோர ஊர். பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் டிகிரி இறங்கும், கூடவே ஈரப்பதம் ஏறும். உடம்பு குளிர்வதற்கு இருக்கிற ஒரே பெரிய வழி வியர்வை ஆவியாவது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அதனால்தான் சென்னையின் 37 டிகிரி, உள்நாட்டின் வறண்ட 40 டிகிரியைவிடச் சில நாள் மோசமாக வாட்டுகிறது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே பாய்வதால் மற்ற உறுப்புகளுக்குப் போவது குறைகிறது. நீர் வற்றிய உடம்பில் முதலில் அடி வாங்குவதில் சிறுநீரகமும் ஒன்று. அந்தப் பையன்கள் யாரும் சிறுநீரகம் என்று சொல்வதில்லை. நீர்க்கடுப்பு என்பார்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்பார்கள். தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: குடித்தால் எங்கே போவது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 33, 34 டிகிரி வெப்பத்திலேயே, நடுத்தரமான உடலுழைப்பு செய்கிற ஒருவர் தன் வேலைத்திறனில் பாதியை இழக்கலாம் என்கிறது. 2030இல் வெப்பத்தால் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று அது கணிக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இந்த இழப்பு நிறுவனத்தின் கணக்கில் விழும். ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு அது அவன் சாப்பாட்டுத் தட்டில் விழும்.

இந்த நேரத்தில்தான் நாடே இளைஞர் பலத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. 2023இல் மக்கள்தொகையில் சீனாவை முந்திவிட்டோம். உழைக்கும் வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கை இன்னும் பல ஆண்டுகள் கூடிக்கொண்டே போகும். தமிழ்நாட்டின் கதை கொஞ்சம் வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் இங்கே 1.8, பீகாரில் 3. 2036இல் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவராக இருப்பார் என்பது அரசுக் கணிப்பு. சென்னையில் நாம் பார்க்கிற இளைஞர் பெருக்கத்தில் ஒரு பெரிய பங்கு ரயிலேறி வந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறார்கள். நம் ஊர்ப் பையன்களும் அவர்களும் ஒரே தூண் நிழலில் உட்கார்கிறார்கள். இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் நம்மைப் போன்ற முதியவர்களைத் தாங்கப் போகிற தோள்கள் இவைதான். இருபத்தைந்து வயதில் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்ட ஒருவன் நாற்பத்தைந்தில் உழைக்கும் வயதினர் பட்டியலில் இருப்பான், உழைக்க முடியாது. அந்தப் பட்டியலில் உடம்புக்கென்று ஒரு பத்தியே கிடையாது.

செயலிகள் செய்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். பீகாரிலிருந்து வந்தவனுக்கு இந்த ஊரில் மாமன் மச்சான் இல்லை, தமிழ் தெரியாது. செயலி அவன் மொழியில் பேசியது, சாதி கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. சம்பாதித்த பணத்தை அன்று ராத்திரியே அம்மாவின் கணக்குக்கு அனுப்ப முடிகிறது. லேபர் ஸ்டாண்டில் காலை முழுக்க நின்று வேலை கிடைக்காமல் திரும்பியவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சுலபமாகப் புரியாது. அதனால் செயலியை மூடு என்கிற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை.

நம் ஊரிலேயே வெள்ளம் ஆட்களை இந்த வேலைக்குத் தள்ளிய கதையும் உண்டு. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டது. அதன் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்து எட்டு மாடி அடுக்குகளுக்கு மாற்றினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் நடந்து போய் வேலை பார்த்தவர்களுக்கு வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. வீட்டு வேலை செய்த அம்மாக்கள் பலர் அந்த வேலையை விட்டார்கள். பிள்ளைகள் தவணையில் வண்டி எடுத்தார்கள். அந்த வண்டிக்கு வேலை கொடுத்தது செயலி. அப்படி வளர்ந்த பையன்கள் சிலரை எனக்குத் தெரியும். வெள்ளத்துக்குத் தப்பி வந்த இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் தகுதியை 2022இல் பெற்ற நிலம் அது. ஒரு காலத்தில் தென்சென்னையின் மழைநீரை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்ட அந்தச் சதுப்பில் எஞ்சியிருப்பது ஒரு சிறு பங்குதான். மீதி இடத்தில் குப்பைமேடு, சாலை, அலுவலகம், குடியிருப்பு. நான் வேலை பார்க்கிற ஐடி சாலையும், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையும், அதை ஒட்டித்தான் வளர்ந்தது. எனவே மழை வந்தால் பெரும்பாக்கத்தில் மறுபடியும் தண்ணீர்.

மழை நாளில் செயலியின் கணக்கு வெயிலைவிடத் தெளிவாகத் தெரியும். ஆர்டர் கூடும், மழைக்கான கூடுதல் தொகை வரும், ஆள் குறையும், இருப்பவனுக்கு நெருக்கடி ஏறும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது வரைபடத்துக்குத் தெரியாது. மூடி திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது மின்சாரம் போய், செல்போன் டவர்களும் செத்து, எங்கள் பகுதியில் வேலையே இல்லாமல் போனது. ஆர்டர் இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு 'வீட்டிலிருந்து வேலை' என்று ஒரு மின்னஞ்சல் வரும். 2019 ஜூனில் ஏரிகள் வற்றி அலுவலகத்தில் தண்ணீர் இல்லாதபோதும் ஐடி சாலையில் பல நிறுவனங்கள் அதைத்தான் செய்தன.

ஆனால் இதே சென்னைதான் 2015 வெள்ளத்தில் வேறொன்றையும் செய்து காட்டியது. நீர் தேங்கிய தெருக்களை மக்களே ஓர் இணைய வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். எந்தத் தெருவில் போகலாம், எதில் முடியாது என்று கைபேசியில் பார்க்க முடிந்தது. சம்பளம் வாங்காத இளைஞர்கள், சில நாட்களில், தூக்கமில்லாமல் செய்த வேலை. தெருவில் இருப்பவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தொழில்நுட்பம் எந்தத் தெருவையும் தெரிந்துகொள்ளும் என்பதை நான் அப்போதே நேரில் பார்த்தேன். எண்ணம் இருந்தால் என்பதுதான் இன்னும் நடக்கவில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் பல ஆண்டுகளாக வெயிலில் உழைப்பவர்களின் உடல்நிலையை ஆராய்ந்து வருகிறார். அவர் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்றது. இதைப் படித்த பிறகு சாலையோரம் கலவைச் சட்டி சுமக்கிற பெண்ணைச் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. செங்கல்பட்டு, திருவள்ளூர் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் நிலையும் இதுவே. 2023 ஜனவரி முதல் அங்கே கைபேசிச் செயலியில், இடமும் நேரமும் பதிவாகும்படி, ஒரு நாளைக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்தால்தான் வருகைப்பதிவு. குளிர்ந்த காலையிலேயே மண் வேலையை வெட்டி முடித்தாலும் இரண்டாவது புகைப்படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பது புரிகிறது. காத்திருக்கும் கிழவிக்கு மேலே ஒரு பந்தல்கூட இல்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

தொழிற்சாலைச் சட்டம் 1948இல் வந்தபோதே, அதன் 13ஆம் பிரிவு, வேலை செய்யும் அறையில் காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பநிலையும் இருக்க வேண்டும் என்று சொன்னது. கூரைக்குக் கீழே வேலை செய்பவரை மட்டுமே அது நினைத்தது. இன்று சாலைதான் பலருக்குத் தொழிற்சாலை. ஐடி சாலையின் தென்கோடியில், சிறுசேரியில், பெரிய பெரிய தரவு மையங்கள் எழும்பி நிற்கின்றன. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் இங்கே அவை பெருகுகின்றன. அந்த இயந்திரங்களுக்கு 18 முதல் 27 டிகிரி வரை என்று பரிந்துரைக்கப்பட்ட வெப்பநிலை வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டாமல் காக்க இரவும் பகலும் மின்சாரம் ஓடுகிறது. இயந்திரத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. அந்த இயந்திரத்துக்குள் ஓடுகிற செயலியின் சொல்படி வண்டி ஓட்டுகிற மனிதனுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாடு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. தி.நகர்க் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு அது பெரிய வெற்றி. 2023இல் செயலி வழித் தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை வந்தது. 2025இல் மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. இவை எல்லாமே நல்லவை. ஆனால் ஓய்வறை இருந்தால் போதாது, ஓய்வு நேரம் வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஆர்டர் விழுந்தால் அவன் எழுந்துதான் ஆக வேண்டும். இறந்தால் 4 லட்சம் என்கிற அரசு, இறக்காமல் இருக்க ஒரு மத்தியானத்துக்கு நானூறு ரூபாய் என்று யோசிக்கத் தொடங்கலாம்.

இது நடக்காத காரியம் என்பவர்களைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வரச் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக அந்தத் தடைக்காலம். வேலையில்லாத அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 2023இல் 8,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அது போதுமா என்பது வேறு விவாதம். இயற்கை ஒத்துழைக்காத காலத்தில் வேலையை நிறுத்து, அந்த நாட்களுக்கு ஈடு தருகிறோம் என்று சொல்வது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் ஏட்டிலேயே பதில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆர்டர் போடுகிற நானும் வெயில் கட்டணம் என்று சில ரூபாய் தரத் தயார், அது நேராக ஓட்டுகிறவர் கைக்குப் போகும் என்றால். பிரியாணி அரை மணி நேரம் தாமதமாக வந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. வானிலை மையம் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில் மத்தியான இன்சென்டிவைக் காலைக்கும் மாலைக்கும் நகர்த்த வேண்டும். அந்த மூன்று மணி நேரம் லாகின் செய்யாதவனின் ரேட்டிங் குறையக் கூடாது. ஓட்டியே தீருவேன் என்பவனுக்கு நேரக் கணக்கைத் தளர்த்த வேண்டும். விட்டுப்போன வருமானத்தில் ஒரு பகுதியை நலவாரியம் ஈடுகட்ட வேண்டும். யார் எந்த நாள் எந்த நேரம் வேலை பார்த்தார் என்ற பதிவு நிறுவனங்களிடம் நொடி சுத்தமாக இருக்கிறது, புதிதாக யாரும் கணக்கெடுக்க வேண்டியதில்லை. வாரியத்தில் பதிவு செய்துகொள்ளாத தம்பிகள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொண்டுவந்தால் நான் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பீகார்ப் பையனுக்கு ரேஷன் அட்டை அவன் ஊரில் இருக்கிறது, அதற்கு என்ன வழி என்று முதலில் விசாரிக்க வேண்டும்.